பெரிய கம்பெனி கட்டிய வீடு: பெயரை நம்பி வாங்கலாமா?

புது வீடு வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். கட்டுமான வேலையிலும், கட்டி முடித்த வீடுகளைச் சோதித்துக் கொடுக்கும் வேலையிலும் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பார்த்திருக்கிறோம். "இவ்வளவு பெரிய கம்பெனி தரமில்லாமலா கட்டும்?" என்கிறார் என் கணவர். சின்ன பில்டர்தான் பார்த்துப் பார்த்துக் கட்டுவார் என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது சகோதரி. ஆனால் இரண்டு பேருமே கட்டுகிறவரின் அளவைப் பார்க்கிறார்களே தவிர கட்டடத்தைப் பார்க்கவில்லை.

பெரிய நிறுவனம் நன்றாகச் செய்கிற வேலைகள் உண்டு. மண் பரிசோதனை செய்வார்கள், கட்டமைப்புப் பொறியாளர் போட்ட வரைபடம் இருக்கும், கான்கிரீட் பிளான்ட்டிலிருந்து அளந்து கலந்து வரும், ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் அதே கலவையில் க்யூப் என்ற சதுரக் கட்டிகளை வார்த்தெடுத்து, பலம் தெரிய 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்ப்பார்கள். அதனால் தூண், பீம், தளம் இவற்றில் பெரும்பாலும் பெரிய குறை வராது. குறை வருவது அதற்குப் பிறகு நடக்கிற வேலைகளில். குளியலறை வாட்டர்ப்ரூஃபிங், குழாய் வேலை, ஜன்னல் பொருத்துவது, பூச்சு, டைல்ஸ் எல்லாம் சப் காண்ட்ராக்டருக்குப் போகும், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், கடைசியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்கிற ஆள்தான் உங்கள் குளியலறையைக் கட்டுகிறார். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு கூலி அவருக்கு. கேட்டில் எழுதியிருக்கும் பெயருக்கும் அவருக்கும் நடுவில் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள்.

அதனால்தான் ஒரே நிறுவனம் கட்டிய இரண்டு குடியிருப்புகளில் ஒன்று அருமையாகவும் மற்றது ஒழுகிக்கொண்டும் இருக்கும். தரத்தைத் தீர்மானிப்பது அந்த சைட்டில் இருந்த புராஜெக்ட் மேனேஜரும், வேலையைத் திருப்பிச் செய்யச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒரு தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளரும்தான். இன்னொரு விஷயம், பெரிய சைட்டில் ஒரு தப்பு நடந்தால் அது ஒரு வீட்டோடு நிற்காது. குளியலறைக் குழாய் தளத்தைத் துளைத்து வெளியேறும் இடத்தைச் சரியாக அடைக்காத வழக்கம் ஒரு குழுவிடம் இருந்தால், அவர்கள் வேலை செய்த அத்தனை மாடியிலும் அதே இடத்தில் ஒழுகும்.

சரி, எப்படித்தான் தெரிந்துகொள்வது? அந்த நிறுவனம் கட்டி நாலைந்து வருடம் ஆன ஒரு குடியிருப்பைத் தேடிப் பிடித்து, நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். முன்வாசல் வேண்டாம், அதற்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். கட்டடத்தின் பின்பக்கம் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட்டைப் பாருங்கள், அங்கே சுவர் பச்சை பிடித்திருக்கிறதா, குழாய் இணைப்புகளுக்குக் கீழே கறை இருக்கிறதா என்று. கீழ்த்தள பார்க்கிங்கில் தலைக்கு மேலே தளத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே கான்கிரீட் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் பிளம்பரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். எந்த மாடியில் எந்தக் குளியலறை ஒழுகுகிறது, அதை எத்தனை முறை உடைத்துப் போட்டார்கள் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். விற்பனைப் பிரிவு ஆளிடம் ஒரு மாதம் பேசினாலும் அந்தத் தகவல் கிடைக்காது.

கேள்வி: மாடல் ஃப்ளாட் பார்த்தோம், மிகவும் பிடித்துவிட்டது. அதை வைத்து முடிவு செய்யலாமா?

கூடாது. மாடல் ஃப்ளாட்டை வேறு குழு, வேறு நிதானத்தில் செய்திருக்கும். பல மாடல் ஃப்ளாட்களில் அறைக் கதவுகளே இருக்காது, கட்டிலும் சோஃபாவும் வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கும், அதனால் இடம் பெரிதாகத் தெரியும். டேப் எடுத்துப்போய் அளந்து, உங்கள் கட்டிலை வைத்தால் அலமாரிக் கதவு திறக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸும் குழாயும் அதே கம்பெனி, அதே மாடல்தானா என்பதை ஒப்பந்தத்தோடு சேர்ந்த பட்டியலில் எழுதி வாங்குங்கள். "அதற்கு இணையானது" என்று ஒரு வார்த்தை அந்தப் பட்டியலில் இருந்தால், எது இணை என்று யார் முடிவு செய்வது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: கட்டிக்கொண்டிருக்கும்போதே புக் செய்துவிட்டோம். சைட்டுக்குப் போக மாதம் ஒரு முறை அனுமதி தருகிறார்கள். நான் பள்ளி ஆசிரியர், பொறியியல் தெரியாது. போனால் எதைப் பார்ப்பது?

அனுமதி தருகிறார்களே, அதுவே நல்ல அறிகுறி. விடாமல் போங்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள்.

முடிந்தால் கான்கிரீட் போடுகிற நாளில் போங்கள். லாரி வந்து நிற்கும், கலவை கெட்டியாக இருப்பதாகத் தோன்றினால் யாராவது ஹோஸ் பைப்பை எடுத்து டிரம்முக்குள் தண்ணீர் விடுவார். பம்பில் சுலபமாக ஏறவேண்டும் என்பதற்காகச் செய்வது. சிமென்ட்டின் அளவுக்குத் தண்ணீர் கூடக் கூட கான்கிரீட்டின் பலம் குறையும் என்பதை 1918-லேயே டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதனைகளோடு எழுதிவைத்துவிட்டார், நூறு வருடம் தாண்டியும் அந்த ஹோஸ் பைப் சைட்டை விட்டுப் போகவில்லை. கலவை இளக வேண்டும் என்றால் அதற்கென்று இருக்கும் ரசாயனத்தை அளவோடு சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பொறியாளர் நின்று தண்ணீர் விடுவதைத் தடுக்கிறாரா, அல்லது எல்லோரும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களா என்பது ஒன்றே அந்த சைட்டைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும்.

அதற்கு முன்னாலேயே கம்பி கட்டிய நிலையில் பார்க்க முடிந்தால், கம்பிக்கும் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் என்ற சின்ன இடைவெளிக் கட்டிகளை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கம்பி பலகையிலேயே உட்கார்ந்துவிடும், பிறகு கான்கிரீட்டுக்குள் போதுமான ஆழத்தில் இருக்காது, சில வருடங்களில் ஈரக்காற்று பட்டுத் துருப்பிடிக்கும். துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துவிடும். உடைந்த கல் துண்டுகளைக் கம்பிக்கு அடியில் கொடுத்திருந்தால் அதுவும் குறைதான்.

பலகை பிரித்த பிறகு தூணின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஜல்லி மட்டும் தனித்தனியாகத் தெரிந்து நடுவில் ஓட்டைகள் இருந்தால் அதை ஹனிகோம்ப் என்பார்கள், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சின்னதாக இருந்தால் கிரவுட் என்ற முறையான அடைப்புக் கலவையால் சரிசெய்யலாம். மேலே சிமென்ட் பாலைப் பூசி மறைத்திருந்தால் போட்டோ எடுத்து அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். புதுக் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கிறார்களா என்றும் தொட்டுப் பாருங்கள். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்தது என்றால் அதைவிடக் கூடுதலாக க்யூரிங் வேண்டும். தூணைச் சுற்றிக் கட்டிய சாக்கு காய்ந்து விறைத்துக் கிடந்தால் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

சுவர் கட்டியபின் இரண்டே விஷயம். செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன்னால் கம்பிவலை அடித்திருக்க வேண்டும். மின்குழாய் பதிக்கச் சுவரை மேலிருந்து கீழாக வெட்டலாம், குறுக்கே நீளமாக வெட்டினால் சுவர் பலவீனமாகும். இவ்வளவுக்கும் பொறியியல் படிப்பு தேவையில்லை ஐயா, கண்ணும் செல்போன் கேமராவும் போதும்.

கேள்வி: அடுத்த மாதம் சாவி தருகிறார்கள். வீட்டைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில், ஒரு மணி நேரம் போதாது. அரை நாளாவது கேளுங்கள், பகல் வெளிச்சத்தில் கேளுங்கள், தண்ணீரும் கரண்டும் இணைப்புக் கொடுத்த பிறகுதான் வருவோம் என்று எழுதிக் கொடுங்கள். தண்ணீர் இல்லாமல் வீட்டைச் சோதிப்பதில் பாதிக்கு மேல் பயனில்லை, ஏனென்றால் புது வீட்டுக் குறைகளில் பெரும்பகுதி தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை.

குளியலறையில் தொடங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுச் சும்மா நில்லுங்கள். தண்ணீர் தானாக வடிகாலுக்குப் போக வேண்டும். மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை வாட்டம், அதாவது சரிவு, இருந்தால் போய்விடும். நான் சோதிக்கப்போன ஒரு வீட்டில் இறக்குமதி டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு எல்லாம் போட்டிருந்தார்கள். வாளியைக் கவிழ்த்ததும் தண்ணீர் வடிகாலை நோக்கி ஒரு அடி போய், நின்று, மெதுவாகத் திரும்பிக் கதவுப் பக்கம் வந்தது. வாசற்படிக் கல்லின் ஓரத்தில் ஒரு விரற்கடை தேங்கியது. கதவுச் சட்டத்தின் அடிப்பகுதி அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத் தரை முழுவதையும் பெயர்த்தாக வேண்டும். சாவி வாங்குவதற்கு முன் கண்டுபிடித்ததால் அவர்கள் செலவில் பெயர்த்தார்கள்.

வாட்டம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் சர்ஃப்சைடில் சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தை 2018-இல் ஆய்வு செய்த பொறியாளரின் அறிக்கையில், நீச்சல்குளத் தளத்தின் வாட்டர்ப்ரூஃபிங்கை வாட்டமே இல்லாமல் மட்டமாகப் போட்டிருப்பதால் தண்ணீர் வடியாமல் ஆவியாகும்வரை அப்படியே நிற்கிறது, அடியில் உள்ள கான்கிரீட் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. அது ஒன்றுதான் இடிந்ததற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. தேங்கும் தண்ணீர் பல வருடங்களில் கான்கிரீட்டை என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே குளியலறையில் வடிகாலை அடைத்துவிட்டு, தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வைத்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். டைல்ஸ் போடுவதற்கு முன்பே செய்திருப்பார்கள், அதன் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

டைல்ஸை ஒரு நாணயத்தாலோ சாவியாலோ தட்டிக்கொண்டே போங்கள். வெற்றோசை வரும் இடத்தில் அடியில் கலவை இல்லை, மேலே கனமான பொருள் விழுந்தால் உடையும், குளியலறை என்றால் அடியில் தண்ணீர் சேரும். மூலையில் லேசாக ஒலித்தால் பெரிதுபடுத்த வேண்டாம், பாதி டைல் ஒலித்தால் சுண்ணக்கட்டியால் குறியிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

ஜன்னல்களை உள்ளேயிருந்து எல்லோரும் பார்ப்பார்கள், வெளிப்பக்கம்தான் முக்கியம். ஜன்னல் அடிக்கல் வெளியே சாய்ந்திருக்கிறதா, சட்டத்தைச் சுற்றி சீலன்ட் இடைவெளியில்லாமல் ஓடுகிறதா, மேலே சன்ஷேடு இருக்கிறதா, அதன் அடியில் தண்ணீர் சொட்டி விழுவதற்கான காடி இருக்கிறதா என்று பாருங்கள். காடி இல்லாவிட்டால் மழைநீர் சன்ஷேடின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். நியூஸிலாந்தில் 1990களில் கட்டிய பல்லாயிரம் வீடுகளில் கூரை விளிம்பு வெளியே நீளாத நவீன வடிவமும், சுவருக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாத பூச்சும் சேர்ந்து உள்ளே இருந்த மரச்சட்டங்களை உளுத்துப்போகச் செய்துவிட்டன. பார்வைக்கு அழகாக இருந்த வீடுகள்தான் எல்லாம். மழைக்காலத்தில் சாவி வாங்குகிறீர்கள் என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம், மழை பெய்யும்போது போய் நில்லுங்கள்.

மின்சாரப் பலகையில், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கும், 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அதன் ஸ்விட்ச் உடனே கீழே விழ வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் பிரேக்கர் வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்று காட்டாது. அதற்கு ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது.

கதவு, அலமாரி, கைப்பிடி, பெயின்ட் எல்லாம் கடைசியில் பார்த்தால் போதும். ஒரு ரசமட்டம் கொண்டுபோனால் சமையல் மேடையிலும் தரையிலும் வைத்துப் பார்க்கலாம். பெயின்ட்டில் இருக்கும் புள்ளியைக் காட்டி அரை மணி நேரம் பேசவைத்து ஒழுகலை மறக்கடித்துவிடுவார்கள், கவனம். பல நாள் பூட்டியிருந்த வீட்டில் சாக்கடை வாடை வந்தால் மட்டும் உடனே குற்றம் சொல்ல வேண்டாம். வடிகாலுக்கு அடியில், வாடையைத் தடுக்கும் டிராப் என்ற வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும், எல்லா வடிகாலிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். அப்போதும் வாடை வந்தால் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. சுவரில் பல இடங்களில் விரிசல். பில்டரின் ஆள் வந்து பார்த்துவிட்டு, "எல்லா வீட்டிலும் வரும் மேடம், ஹேர்லைன் கிராக்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்வது உண்மையா, எங்களை ஏமாற்றுகிறாரா?

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சிமென்ட் காய்ந்து சுருங்கும்போது பூச்சில் வலைப்பின்னல் மாதிரி மெல்லிய கோடுகள் வரும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக மேலிருந்து கீழே ஒரு விரிசல் வரும், அது நான் முன்னால் சொன்ன கம்பிவலை இல்லாததால் வருவது. பார்க்க அசிங்கம், ஆபத்து இல்லை. கடைசி மாடியில் கூரைத் தளத்துக்கு அடியில் படுக்கைவாட்டில் வருவது, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால்.

கவலைப்பட வேண்டியவை வேறு. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல், கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டு மாதிரி இறங்குகிற விரிசல், பீமிலோ தூணிலோ வருகிற விரிசல், விரிசலோடு பழுப்புக் கறை தெரிவது, விரிசல் வந்த அதே சமயத்தில் பக்கத்துக் கதவு பிடிக்க ஆரம்பிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பில்டரின் சம்பளத்தில் இல்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மற்றவற்றுக்கு, விரிசல் முடியும் இரண்டு நுனியிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள். மாதம் ஒரு முறை அதே மாதிரி எடுங்கள். நீளவோ அகலவோ செய்தால் உங்களிடம் சாட்சி இருக்கிறது. அதற்குள் அவர்கள் வந்து புட்டி வைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றால், போட்டோக்கள் முடிந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் பார்த்த குடியிருப்பில் செங்கல்லே இல்லை, அலுமினிய அச்சில் சுவரும் தளமும் ஒரேயடியாகக் கான்கிரீட்டில் ஊற்றுகிறார்கள். ஆணிகூட அடிக்க முடியாது என்கிறார்கள். நல்லதா கெட்டதா?

நன்றாகச் செய்தால் நல்ல முறைதான். சுவர் நேராக இருக்கும், தூணும் கல்லும் சேரும் இடமே இல்லாததால் அந்த விரிசல் வராது. ஆனால் அந்தச் சுவர்கள்தான் கட்டடத்தைத் தாங்குகின்றன, எனவே பின்னாளில் ஒரு அறையைப் பெரிதாக்க இடிக்க முடியாது, புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வைக்க வெட்டுவதும் கூடாது. ஸ்விட்ச் எங்கே வேண்டும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். செங்கல்லைவிடக் கான்கிரீட் வெப்பத்தை வேகமாக உள்ளே விடும், மேற்குப் பார்த்த சுவருக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, அச்சின் இரண்டு பக்கத்தையும் பிணைத்த டை கம்பிகளை உருவியபின் சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வெளிச்சுவரில் அவற்றைச் சுருங்காத கிரவுட்டால் முழு ஆழத்துக்கும் அடைக்க வேண்டும். வாயில் மட்டும் பூசிவிட்டால் முதல் பெருமழையில் உள்சுவரில் ஒரே இடைவெளியில் ஈரப் புள்ளிகள் தெரியும்.

கேள்வி: குறைப் பட்டியல் கொடுத்தோம். "சாவி வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகச் செய்து தருகிறோம்" என்கிறார்கள். வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

உங்கள் நெருக்கடி அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிய மறுநாள் உங்கள் வீட்டில் இருந்த ஆட்கள் அடுத்த மாடிக்குப் போய்விடுவார்கள்.

பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீர், கரண்ட், விரிசல், உடைத்துச் செய்ய வேண்டியவை எல்லாம் ஒரு பக்கம். இவை முடியாமல் வாங்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் குடிவந்தபின் குளியலறையை உடைத்தால் அங்கே வாழ முடியாது. பெயின்ட், கைப்பிடி, உரசும் கதவு போன்றவை இன்னொரு பக்கம். அவற்றைத் தேதி போட்டு, அவர்கள் பொறியாளரின் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு குடிபோகலாம். கடைசித் தவணையில் ஒரு பகுதியை வேலை முடியும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். "வீடு எனக்குத் திருப்தியாக உள்ளது" என்று அச்சடித்த தாளை நீட்டினால், அதன் மேல் "இணைப்பில் உள்ள குறைகள் நீங்கலாக" என்று உங்கள் கையால் எழுதி, பட்டியலை இணைத்துப் பிறகு கையெழுத்திடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்து, அவர்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டு வெளியே வாருங்கள். குறைகளுக்கான பொறுப்புக் காலம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, பொதுப் பகுதிகளுக்கும் அதே காலம்தானா என்று அதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.